கார் உள்ளவர் வரப்பில் நடக்கமாட்டார்

எதிர்காற்றைப் பற்றி நம் கவிஞர்கள் ஒழுங்காக எழுதவில்லை. தென்றலைப் பாடியாயிற்று, வாடையைப் பாடியாயிற்று. இரண்டுமே திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் மேல் படுகிற காற்று. மார்கழி மாதத்தில் தஞ்சாவூரிலிருந்து கிழக்கே பார்த்துச் சைக்கிள் மிதிக்கிறவனின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற காற்றுக்கு இலக்கியத்தில் இடமில்லை. நானும் கவிதை எழுதுகிறவன்தான், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தக் காற்றுக்கு எங்களோடு வந்த அண்ணன் ஒரு பெயர் வைத்தார். அதை அச்சில் போட முடியாது.

சென்ற டிசம்பரில் மூன்று பேர் மேலவளவிலிருந்து வெண்மணிக்குச் சைக்கிளில் போனோம். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். முதல் ஊரில் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக. இரண்டாவது ஊரில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக, சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்காக. இரண்டுக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நாலு நாள் திட்டம்.

யார் எந்தச் சைக்கிளில் போனோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. 1980களின் கடைசியில் மேலூர்ப் பக்கம் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் வண்டி பழைய அட்லஸ். கேரியரில் பம்ப்பு, கொரடு, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா. என்னுடையது ஹெர்குலிஸ், தினமும் பேங்குக்குப் போய்வருகிற வண்டி. மூன்றாவது ஆள் அண்ணனுடைய அக்கா மகன், எம்.ஏ. படிக்கிறான். கூடப் படிக்கிற பையனின் அண்ணன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாராம். அவர் தன் கியர் சைக்கிளையும் ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் இவனுக்கு இரவல் கொடுத்திருந்தார். ஆக, இரண்டு பேர் சைக்கிளில் போனோம், ஒருத்தன் சைக்கிளிங் போனான்.

முதல் நாளில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்தபோது அண்ணன் பெல்லை விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். என்னண்ணே என்றேன். 1990களின் தொடக்கத்தில் இங்கேதான் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். குவாரியில் கல் உடைத்த பெண்கள் உட்பட. "சைக்கிள் வேணும்னு இங்கேருந்து ஆளுக எங்க பக்கம் வரைக்கும் தேடுனாங்கப்பா" என்றார். அவருக்கு அது வியாபார ஞாபகம், சந்தோஷமான ஞாபகம். அதே மாவட்டத்தில்தான் 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. 2025 ஜனவரியில் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டபோது, அந்தத் தண்ணீரைக் குடித்த தெருவின் ஆட்கள் மூன்று பேர் மீதே போட்டது. பெல் அடித்துக்கொண்டு போகிற மாவட்டம்தான். தண்ணீர் கேட்கும்போதுதான் யோசனை வருகிறது.

பெல் என்றதும் அண்ணன் கடையின் கதையைச் சொல்ல வேண்டும். அவரிடம் வாடகைக்கு எடுக்கிற சேரிப் பையன்கள் சில ஊர்களுக்குப் போகும்போது பெல்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். ஊர்த் தெரு முனையில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே போய், மறுமுனையில் ஏறிக்கொள்ள வேண்டும். தள்ளும்போது மேடு பள்ளத்தில் பெல் தானாகக் குலுங்கிவிட்டால் அதற்கும் அடி. "ஒரு மணி நேர வாடகையில கா மணி நேரம் தள்ளுறதுக்கே போயிரும். அந்தக் கா மணிக்குக் காசு வாங்க மாட்டேன்" என்றார் அண்ணன். தீண்டாமைக்குத் தள்ளுபடி கொடுத்த ஒரே கடை தமிழ்நாட்டில் அதுவாகத்தான் இருக்கும்.

சரி, 24ஆம் தேதிக்கு வருகிறேன்.

விடியற்காலை நாலரைக்குத் தஞ்சாவூரிலிருந்து கிளம்பினோம். நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், தேவூர், அப்புறம் வெண்மணி. எண்பது கிலோமீட்டர் சொச்சம். மத்தியானச் சாப்பாடு திருவாரூரில், பொழுது சாய வெண்மணி என்பது அண்ணன் கணக்கு. அம்மாப்பேட்டை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழையைக்கூடத் தாங்கலாம். வடகிழக்கிலிருந்து வந்த காற்றைத்தான் தாங்க முடியவில்லை. அது மேடே இல்லாத பூமி, அதனால் இறக்கமும் கிடையாது. மலைப்பக்கம் ஏறுகிறவனுக்கு இறக்கத்தில் காலை நிறுத்திக்கொள்கிற சுகம் ஒன்று உண்டு. இங்கே மிதிக்காமல் விட்டால் வண்டி நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டின வரை சம்பாப் பயிர், காற்றில் மொத்தமாக நம்மை நோக்கிச் சாய்கிறது. ஒதுங்க மரம் இல்லை. ஒரு மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் போனால் அதிகம். எட்டு மணி சுமாருக்கு எனக்குத் தொடை விட்டுப்போயிற்று. பத்து மணிக்கு அண்ணன் வண்டியில் காட்டர் பின் தேய்ந்து பெடல் கட்டை ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு மிதிக்கும் டொக், டொக். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒன்றரை மணி நேரம் மிதித்தோம்.

இந்த நிலப்பரப்பைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல் கைவசம் இருக்கிறது, 'திறந்த வெளி'. தடையில்லாத பசுமை, பரந்த வானம், மனசு லேசாகிறது என்று எழுதுவார்கள். சைக்கிளிங் போகிற நண்பர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த வெளியைப் பார்த்தால் கவுண்ட்டரில் என் முன்னால் வருகிற காகிதம்தான் ஞாபகம் வருகிறது. பயிர்க்கடனுக்குச் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும். அதில் ஒவ்வொரு துண்டுக்கும் புல எண் இருக்கிறது, உட்பிரிவு இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது. தனிப்பட்டவர் பெயர் இல்லையென்றால் கோயில் பெயர், மடத்தின் பெயர். பெயர் இல்லாத வெளி ஒரு சாண்கூட இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் தலித். தமிழ்நாட்டிலேயே அதிக விகிதம். இந்த வெளி முழுவதையும் நட்டவர்கள், களையெடுத்தவர்கள், அறுத்தவர்கள் அவர்கள்தான். என் கவுண்ட்டருக்கு அவர்களும் வருகிறார்கள், நகையை வைக்க. சிட்டாவோடு வருகிறவர்கள் வேறு ஆட்கள். இதை நான் ஏதோ ஆய்வில் கண்டுபிடிக்கவில்லை. சீல் குத்திக் குத்திக் கட்டைவிரலில் தெரிந்துகொண்டது.

தண்ணீருக்கு வருகிறேன். மழை பெய்துகொண்டிருந்தாலும் குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒரு ஊரில் ஓட்டுவீடு, நல்ல திண்ணை. முன்னால் போன மாணவன் இறங்கிக் கேட்டிருக்கிறான். ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு அந்தம்மா "உள்ள வந்து நில்லுங்க தம்பி, ஏன் நனையிறீங்க" என்று எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையிலேயே கொடுத்திருக்கிறார். அன்பான மனுஷிதான், அதில் சந்தேகமில்லை. பின்னாலேயே நாங்கள் இரண்டு பேரும் டொக் டொக்கென்று போய்ச் சேர்ந்தோம். சேறு தெறித்த கைலி, தலையில் துண்டு, அண்ணனின் நிறம். அந்தம்மா எங்களைப் பார்த்தார், அப்புறம் பையனைப் பார்த்தார்.

"இவங்கள்லாம் யாரு தம்பி?"

"எங்க மாமா. அவரு அண்ணன்."

"எந்தூரு? நீங்க என்ன ஆளுங்க?"

பையன் சொன்னான், ஒளிக்கவில்லை. அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. முகம்கூட மாறவில்லை. திரும்பப் போய்ச் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்தார். ஆனால் இந்தத் தடவை சொம்பு எங்கள் கைக்கு வரவில்லை. பாட்டிலைக் கீழே பிடிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை, அவ்வளவு பழக்கப்பட்ட கை. பையன் வாய் வைத்துக் குடித்த முதல் சொம்பை என்ன செய்திருப்பார் என்று அண்ணன் நாலு கிலோமீட்டர் தூரம் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெல்மெட் போட்டிருக்கிற வரைக்கும்தான் சாதி இல்லை.

டீக்கடைகளில் இந்தச் சோதனை செய்து பார்க்க முடியாது. பேப்பர் கப் வந்துவிட்டது. இரட்டைக் குவளையை நம் போராட்டம் பாதி ஒழித்தது, பேப்பர் கப் மீதியை மறைத்தது. யாருக்கும் யார் எச்சிலையும் கழுவ வேண்டியதில்லை, ஆகவே சமத்துவம்.

நீடாமங்கலத்தைத் தாண்டும்போது மணி பன்னிரண்டு. இந்த ஊரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போகக் கூடாது. 1937 டிசம்பரில் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டில் பொதுப்பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களை, சாப்பிட்ட குற்றத்துக்காக, பிற்பாடு பிடித்து அடித்து மொட்டையடித்துச் சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். மேடையில் சமபந்தி, வயலில் சாணிப்பால். அண்ணனுக்கு இந்த விஷயம் தெரியாது. சொன்னதும், "அப்ப இங்க சாப்புட வேணாம்ப்பா, அடுத்த ஊர்ல பாத்துக்குவோம்" என்றார். பசியில் பையன் முனகினான். என்றாலும் மிதித்தோம். ஒரு பட்டறையில் காட்டர் பின் மாற்றினோம். லாரிகள் அடிக்கிற சேற்றுத் தண்ணீருக்குப் பயந்து மெயின் ரோட்டை விட்டு ஒரு ஆற்றங்கரை ரோட்டில் இறங்கினோம். அன்றைய நாளில் நாங்கள் எடுத்த ஒரே உருப்படியான முடிவு அது. எடுத்தபோது தெரியவில்லை.

ஊர் பெயரைச் சொல்லவில்லை, காரணம் கடைசியில் தெரியும்.

கரை மேலிருந்து பார்த்தால் வலதுபக்கம் வயலுக்கு நடுவே கூட்டம். முதலில் களையெடுக்கிறார்கள் என்று நினைத்தேன். யூரியா சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பெண்கள் நின்றார்கள். கிட்டே போனதும் பாடை தெரிந்தது. பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஆறு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வரப்பு ஒரு அடி அகலம் இருக்கும். பாடை தூக்குகிற ஆறு பேர் ஒரு அடி வரப்பில் நடக்க முடியாது. ஆகவே வரப்பு நடுவில், ஆட்கள் இரண்டு பக்கமும் வயலுக்குள். முழங்காலுக்கு மேல் தண்ணீர், அதற்குக் கீழே சேறு. ஒரு காலைப் பிடுங்கி அடுத்த காலை வைப்பதற்குள் பாடை சாய்கிறது. பின்னால் வருகிறவர்கள் ஓடிவந்து தாங்குகிறார்கள். ஐம்பதடி தூரத்துக்குப் பத்து நிமிஷம் ஆனது. அழுகைச் சத்தமே இல்லை. விழுந்துவிடாமல் போகிற கவலையில் அழுவதற்கு யாருக்கும் நேரமில்லை.

கரை மேல் எங்களுக்கு முன்னாலேயே ஒருத்தர் குடை பிடித்து நின்றிருந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பக்கத்தில் பைக். எங்களில் யாரிடம் பேசலாம் என்று பார்த்து ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

"பாருங்க சார், கதிரு தள்ளுற நேரத்துல மிதிச்சு நாசம் பண்றானுவ. கேட்டா நம்மளத்தான் குத்தம் சொல்லுவானுவ."

பையன் பதில் பேசவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கியர் சைக்கிளின் மேல் மாட்டினான். அந்த இரவல் சைக்கிளை, ஒரு கீறல் விழாமல் நாலு நாளாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவன், அப்படியே சேற்றில் சாய்த்துவிட்டு வயலுக்குள் இறங்கிப் போனான். அண்ணன் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் போனார்.

நான் உடனே இறங்கவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நின்று வயலைப் பார்த்தேன். எத்தனை சென்ட் மிதிபட்டிருக்கும், காப்பீட்டில் வருமா வராதா என்று புத்தி தானாகக் கணக்குப் போட்டது. பத்து வருஷம் ஒரு கவுண்ட்டரில் உட்கார்ந்தால் கண்ணுக்குப் பிணம் முதலில் தெரியாது, பயிர்தான் முதலில் தெரியும். அரை நிமிஷம் இருக்கலாம். அரை நிமிஷம் நான் குடைக்காரரின் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம்தான் இறங்கினேன்.

இறந்தது எழுபத்தைந்து வயதுக் கிழவி. தூக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தருக்கு மூச்சு வாங்கியது, அவர் இடத்தில் நான் தோள் கொடுத்தேன். "இந்த வயல்ல அறுவது வருசம் நட்ட கையிங்க" என்றார் அவர் இளைத்துக்கொண்டே. வேறு எதுவும் சொல்லவில்லை. சுடுகாட்டுத் திடலிலும் தண்ணீர். வெட்டின குழியில் ஊற்று அடித்து நிரம்பியிருந்தது. குடத்தால் இறைக்க இறைக்க ஊறுகிறது. பாதி தண்ணீரில்தான் இறக்கினார்கள்.

திரும்பிக் காலனிக்கு வந்து, கோணிச்சாக்கு விரித்த திண்ணையில் உட்கார்ந்து வரட்டீ குடித்தோம். டம்ளரில். ஏன் இப்படி, ரோடு இல்லையா என்று கேட்டேன். ரோடு இருக்கிறது, ஊர்த் தெரு வழியாகப் போகிறது. "அந்தப் பக்கமா தூக்கிட்டுப் போறதில்லீங்க. வழக்கம் கெடயாது. போன பிரச்சன வரும்" என்றான் ஒரு பையன், தினமும் பஸ் ஏறி ஐ.டி.ஐ.க்குப் போகிறவன். வழக்கம் கிடையாது என்கிற அந்த வார்த்தையில் சட்டம், போலீஸ், தாசில்தார், அரசமைப்பின் 17ஆவது பிரிவு எல்லாம் அடக்கம். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர் இன்னொன்று சொன்னார். வயலுக்கு நடுவே முன்பு வழி இருந்ததாம். ரெண்டு மாட்டு வண்டி ஒதுங்கிப் போகிற அகலம். "வருசத்துக்கு ஒரு சாண் ஓட்டுவாங்க. இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். நாங்கதான ஏர் ஓட்டுனோம். ஓட்டுன்னா ஓட்டத்தான வேணும்." தன் பிணம் போகிற வழியைத் தன் கையாலேயே உழுதுபோட வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி வேண்டாம், தீ வேண்டாம். நாற்பது வருஷமும் ஒரு கலப்பையும் போதும்.

கிளம்பும்போது நாலரை மணி. திருவாரூரை இருட்டில் தாண்டினோம். டைனமோ லைட்டு மழையில் எரியவில்லை. பையன் தன் கியர் சைக்கிளில் இருந்த சிவப்பு விளக்கைக் கழற்றிப் பின்னால் வந்த அண்ணனின் கேரியரில் கட்டினான். வெண்மணிக்குப் பக்கத்தில் ஒரு தோழர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தரை. கை மடங்கவில்லை, சோற்றைப் பிசைய முடியவில்லை.

மறுநாள் காலை நினைவிடம். டிசம்பர் 25க்கு நம்மிடம் இரண்டு நெருப்புகள் இருக்கின்றன. 1927இல் அதே தேதியில் மகாத்தில் அம்பேத்கர் மனுஸ்மிருதியை எரித்தார். 1968இல் மனு வெண்மணியில் திரும்ப எரித்தான். அங்கே நிற்கும்போது எவனுக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்யும். எனக்கும் அடைத்தது. நான் சொல்ல வருவது அதைப் பற்றி அல்ல, வெளியே நின்ற கார்களைப் பற்றி. பலவிதமான கட்சிகள், இயக்கங்கள், அணிகள். சிவப்பு, நீலம், கறுப்பு எல்லாக் கொடியும் கார் முனையில் பறந்தது. நம் தலைவர்களும் அதில் அடக்கம். மாலை போடுகிறார்கள், முழக்கம், போட்டோ, அடுத்த கார் வருவதற்குள் இந்தக் கார் கிளம்புகிறது. நாகப்பட்டினம் மெயின் ரோட்டில் வந்து மெயின் ரோட்டில் போகிறார்கள்.

வெண்மணி வழக்கில் கீழ்க்கோர்ட்டு கொடுத்த தண்டனையை உயர்நீதிமன்றம் ரத்து செய்தபோது சொன்ன காரணம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெரிய நிலக்காரர்கள், ஒருவரிடம் கார்கூட இருந்தது, அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற பொருளில் எழுதினார்கள். ஐம்பது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லிக் கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அன்று அந்தக் கார் வரிசையைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது வேறு. கார் உள்ளவர் வரப்பில் நடக்கமாட்டார் என்று கோர்ட்டு சொன்னது மிராசுதார்கள் விஷயத்தில் பொய், நம்முடைய தலைவர்கள் விஷயத்தில் மெய்யாகிக்கொண்டிருக்கிறது. வெண்மணியில் செத்த 44 பேரை நமக்குத் தெரியும். அதற்கு முந்தின நாள் மத்தியானம், வெண்மணியிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரத்தில், வயல் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போன கிழவியை ஒருத்தருக்கும் தெரியாது. தீ வைத்தால் வருகிறோம். சாண் சாணாக உழுதால் நமக்குத் தெரிவதேயில்லை.

கன்ஷிராம் 1983இல் டிஎஸ்-4 அமைப்பைச் சைக்கிளில் ஏற்றி வடநாட்டின் பல மாநிலங்கள் வழியே கூட்டிக்கொண்டு போனார். அது காசில்லாத கட்சியின் சிக்கனம் மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு மிதித்த பிறகுதான் புரிந்தது. சைக்கிளில் போகிறவன் தண்ணீர் கேட்டாக வேண்டும், வழி கேட்டாக வேண்டும், பஞ்சரானால் அந்த ஊரிலேயே உட்கார்ந்தாக வேண்டும். கேட்கிற இடத்தில்தான் ஊர் தன்னைக் காட்டுகிறது. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு இந்த மாவட்டம் முழுக்கப் பச்சைதான்.

இதை அன்று இரவு சொன்னபோது அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, எங்கப்பன் நடந்தான், நான் சைக்கிளு மிதிச்சேன். என் மருமகன் நாளைக்குக் கார்ல போனா ஒனக்கு என்ன வயிறு எரியுது? பேங்கு வேலையில இருந்துக்கிட்டு ஆசைக்கு மிதிக்கிற, அதான் ஒனக்கு சைக்கிளு அழகாத் தெரியுது." நியாயமான கேள்வி. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று அவர் வீட்டார் சொன்னார்கள். இந்தக் காலத்தில் எந்தத் தலித்தையும் பார்த்து வண்டியை விட்டு இறங்கு என்று சொல்கிற வாய் எனக்கு இல்லை. எல்லோரும் புல்லட் ஓட்டட்டும், கார் வாங்கட்டும், வாங்குவதற்கு என் கவுண்ட்டருக்கே வரட்டும். நான் சொல்வது தலைமைக்கு, அப்புறம் எனக்கு, இந்தப் பத்திரிகையைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு. நினைவுநாளில் நினைவிடத்துக்குப் போவதோடு வேலை முடிந்தது என்று இருக்கிற நமக்கு. அண்ணனுக்கு இந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை. "தலைவரு சைக்கிள்ல வந்தா கூட்டம் பாக்கத்தான் வரும், பேச வராது" என்றார். இருக்கலாம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு வேலை செய்தேன். இப்போது ஏ-பதிவேட்டையும் புலப்படத்தையும் செல்போனிலேயே பார்க்கலாம். ஐ.டி.ஐ. படிக்கிற அந்தப் பையன் பக்கத்து வயல்களின் புல எண்ணை விசாரித்து அனுப்பினான். தேடிப் பார்த்ததில் காலனிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே ஒரு நீளமான துண்டு தனி எண்ணோடு இருக்கிறது. வகைப்பாடு: வண்டிப்பாதை, புறம்போக்கு. பெரியவர் சொன்னது பொய்யில்லை. காகிதத்தில் அந்த வழி இன்னும் இருக்கிறது, நிலத்தில் நெல் இருக்கிறது. அளந்து கல் நடச் சொல்லிக் காலனிக்காரர்கள் தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருக்கிறார்கள். சர்வேயர் வருகிற அன்றைக்கு முன்கூட்டியே விஷயம் வெளியே தெரிந்தால் ஊரில் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் ஊர்ப் பெயரை எழுதவில்லை.

அளக்கிற அன்று வரப்பில் நிற்பதற்கு வெளியாட்கள் வேண்டும் என்று கேட்கிறார்கள். இருபது பேர் இருந்தால் போதும். அண்ணன் அட்லஸுக்கு டயர் மாற்றிவிட்டார். பையன் இந்தத் தடவை தன் சொந்தச் சைக்கிளில் வருகிறான், ஹெல்மெட் இல்லை. அறுப்பு முடிந்து வயல் காய்ந்த பிறகுதான் தேதி. அப்போது எதிர்காற்று இருக்காது. வர நினைக்கிற தோழர்கள் பத்திரிகை முகவரிக்குக் கடிதம் போட்டால் எங்களுக்கு வந்து சேரும். பஞ்சர் சாமான் அண்ணனிடம் இருக்கிறது, ஸ்பேர் ட்யூப் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.